கூரையில் சோலாரா, வீட்டுக்குள் மாற்றமா? ராமநாதபுரம் கரையோர வீடுகளுக்கு ஒரு கரண்ட் கணக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் இப்போது ஊருக்கு ஊர் சோலார் பேச்சுதான். மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், கீழக்கரை என்று எங்கே போனாலும், "மானியத்தோட போட்டுத் தர்றோம், கரண்ட் பில்லே வராது" என்று சொல்லிக்கொண்டு வீட்டு வாசலுக்கே ஆட்கள் வருகிறார்கள். வெயிலுக்குக் குறைவில்லாத மாவட்டம். 2016இல் கமுதி பக்கம் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்ததே இந்த வெயிலை நம்பித்தான். அதே வெயிலை நம் கூரையிலும் பிடித்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் நாட்டுப்படகையும் பாசி எடுப்பதையும் கருவாட்டையும் கரிமூட்டத்தையும் நம்பி வாழும் வீட்டில் பணம் எப்போதும் அளவாகத்தான் இருக்கும். கையில் சேர்ந்த 5,000 ரூபாயை, இல்லையென்றால் கடனாகக் கிடைக்கும் 40,000 ரூபாயை, எதில் போட்டால் அந்த வீட்டுக்கு நல்லது? நம் முன்னால் இருக்கும் வழிகள் இவை: மானியத்தில் கூரை சோலார், இன்வெர்ட்டரும் பேட்டரியும், கம்பியோடு சேராத சின்ன சோலார், வீட்டு வயரிங்கைச் சரிசெய்து, கரண்ட் குறைவாக இழுக்கும் பேன், விளக்குக்கு மாறுவது, ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு பொதுக் கட்டடத்தில் சோலார் வைப்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெண்டு மாதத்துக்கு 200 யூனிட்டைச் சுற்றி ஓடும் வீடு கடன் வாங்கிக் கூரை சோலார் போட வேண்டாம். அந்த வீட்டுக்கு முதல் செலவு வயரிங், அடுத்தது விளக்கு, அதற்கடுத்தது பேன். 400 யூனிட்டுக்கு மேல் ஓடும் மாடி வீட்டுக்குச் சோலார் உண்மையிலேயே நல்ல முதலீடு. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதை மின்வாரியப் பில்லிலிருந்தே பார்க்கலாம்.

பில் ஏறும் விதம்

2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புக்கும் ரெண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் மாறிய விகிதப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். 500ஐத் தாண்டினால் அந்த 2.35 ரூபாய்ப் படியே கிடையாது. 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 ரூபாய் போடுவார்கள், 500க்கு மேலே போகும் யூனிட் 8.40 ரூபாயில் தொடங்கும்.

இதைப் பணமாகப் பார்த்தால்தான் புரியும். 150 யூனிட்டுக்கு ஏறக்குறைய 118 ரூபாய். 200 யூனிட்டுக்கு 235. 300க்கு 705. 500க்கு 1,805. வெறும் 10 யூனிட் கூடி 510 ஆனால் 2,124. அந்த 10 யூனிட்டுக்கு 300 ரூபாய்க்கு மேல் கூடுகிறது. ரீடிங் எடுப்பது நாலைந்து நாள் தள்ளிப்போனாலே ஓரத்தில் நிற்கும் வீடு அடுத்த படிக்கு ஏறிவிடும். அதனால் வெள்ளை அட்டையில் கடைசியாக எழுதிய எண்ணைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீட்டரைப் பார்ப்பது நல்லது. பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் அது பார்த்துச் சொல்லிவிடும். காசு செலவில்லாத வேலை.

நம் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்தத் தடைக்காலம்தான் கத்திரி வெயிலும். அந்தப் படகுகளில் போகும் ஆண்களும் பகலெல்லாம் வீட்டில் இருப்பார்கள், பேன் நிற்காது. வருமானம் அடிமட்டத்தில் இருக்கும்போது பில் உச்சத்தில் வரும். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். அது ரெண்டு மாதச் சாப்பாட்டுக்கே இழுபறி. எந்தக் கடனாக இருந்தாலும் அதன் தவணை இந்த ரெண்டு மாதத்திலும் கட்ட வேண்டிவரும் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

மானியக் கூரை சோலார்

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்யகர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். 1 கிலோவாட் அமைக்க இன்றைக்கு 65,000 முதல் 75,000 வரை ஆகிறது, ஊருக்கு ஊர் மாறும். மானியம் பேனல் போட்டு முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் முழுப் பணத்தையும் நாம்தான் புரட்ட வேண்டும். மானியம் போக நம் கைச்செலவு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1 கிலோவாட் நம் வெயிலில் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்றால், ரெண்டு மாதத்துக்கு 240 யூனிட். வீட்டில் செலவாகாதது லைனுக்குப் போய் மீட்டரில் கழியும்.

இப்போது மூன்று வீடுகளைப் பார்ப்போம். முதல் வீடு 213 யூனிட் ஓட்டுகிறது, பில் 296 ரூபாய். சோலார் போட்டால் பில் பூஜ்யம். மிச்சம் வருஷத்துக்கு 1,776 ரூபாய். 40,000 ரூபாய் திரும்பி வர 22 வருஷத்துக்கு மேல் ஆகும். பேனல் 25 வருஷம் உழைக்கலாம், ஆனால் அதோடு வரும் இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். கடன் வட்டியையும் சேர்த்தால் அந்தப் பணம் திரும்பவே திரும்பாது. ரெண்டாவது வீடு 420 யூனிட், பில் 1,301 ரூபாய். அது 180 யூனிட்டாக இறங்கினால் பில் 188. வருஷத்துக்கு 6,600 ரூபாய்க்கு மேல் மிச்சம், ஆறு வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். மூன்றாவது, ஏ.சி. ஓடும் 600 யூனிட் வீடு. பில் 2,880 ரூபாய், சோலாருக்குப் பிறகு 987. மூன்றரை, நாலு வருஷத்தில் கைச்செலவு தீர்ந்துவிடும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டிய மாடி வீடுகளுக்கு இந்தத் திட்டம் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மோர்ப்பண்ணையிலோ முந்தலிலோ 200 யூனிட் ஓட்டும் ஓட்டு வீட்டுக்கு அதையே தலையில் கட்டுவது நியாயம் இல்லை. நம் மாநிலத்தில் ஏழை வீட்டுக்கு ஏற்கெனவே இலவசமாகவும் மலிவாகவும் வரும் யூனிட்டைத்தான் சோலார் மிச்சப்படுத்தித் தருகிறது. அதனால் அதன் பலன் அந்த வீட்டில் சிறுத்துப்போகிறது.

கூரையும் ஒரு தடை. 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். ஒரு பேனல் 25 கிலோவைச் சுற்றி இருக்கும். எடையை விடக் காற்றுதான் பெரிய கவலை. பாம்பன் காற்று பேனலுக்கு அடியில் புகுந்து தூக்கும். கான்கிரீட் தளத்தில் போல்ட் இறக்கிப் பிடிக்கலாம். ஆஸ்பெஸ்டாஸிலும் கிடுகிலும் தகரத்திலும் அந்தப் பிடி கிடைக்காது. சொந்த வீடு, வீட்டுக்காரர் பெயரில் மின் இணைப்பு என்ற நிபந்தனைகளும் உண்டு. வாடகைக்கு இருப்பவர்களும் குடிசையில் இருப்பவர்களும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மின்வாரியமோ தனியார் நிறுவனமோ தங்கள் செலவில் கூரையில் பேனல் வைக்கும் முறைக்கும் அதே திட்டத்தில் இடம் இருக்கிறது. தொகுப்பு வீடுகளுக்கும் சுனாமி குடியிருப்புகளுக்கும் அந்த வழியைத்தான் கேட்க வேண்டும், தனித்தனிக் கடனை அல்ல.

விற்க வருபவர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று: இந்த வகை சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு நம் வீட்டிலிருந்து கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள், அது சரியான ஏற்பாடுதான். ஆனால் புயல் நேரத்தில் வெளிச்சம் கிடைக்கும் என்று நம்பிப் போட்டவர் ஏமாந்துபோவார்.

போடுகிற வசதி உள்ளவர்கள் உப்புக்காற்றை நினைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். பேனலைத் தாங்கும் சட்டம் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்ததா, மேலே வெறுமனே பூசியதா? போல்ட், நட்டு, கிளாம்ப் எல்லாம் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு, தானா? 316 ரகமாக இருந்தால் இன்னும் நல்லது. பேனலுக்கு உப்புப் பனிச் சோதனைச் சான்று, அதாவது ஐ.இ.சி. 61701, இருக்கிறதா? கழுவ எந்தத் தண்ணீர்? இது சின்ன விஷயமாகத் தெரியும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உவர்ப்பு. அதை ஊற்றிக் கழுவினால் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், பேனல் முன்பை விட மோசமாகும். காவிரி கூட்டுக் குடிநீரைக் குடத்துக்குக் காத்திருந்து பிடிக்கும் ஊரில், பேனல் கழுவவும் அதே தண்ணீரைத்தான் எடுக்க வேண்டிவரும்.

வீட்டுக்குள் முதலில் பார்க்க வேண்டியவை

கடலோர வீட்டில் கரண்ட் வீணாவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். உப்புக்காற்று பட்டுப்பட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் முனைகளும் பியூஸ் கட்டையும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக்கிடக்கும். முறுக்கிவிட்டு டேப் சுற்றிய இணைப்பு உள்ளுக்குள் கருகியிருக்கும். ஹோல்டர் துருப்பிடித்திருக்கும். சுவரில் ஈரம் ஏறினால் கரண்ட் சுவரில் கசியும். வாடைக்காற்று காலத்தில் சுவரைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று சொல்லாத வீடு குறைவு. அது பணத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு.

கசிவு இருக்கிறதா என்று நாமே பார்க்கலாம். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பிரிட்ஜ், டிவி, செட்டாப் பாக்ஸ் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மெயினை மட்டும் அணைக்காதீர்கள். இப்போது மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் கவனியுங்கள். மின்னாமல் இருந்தால் நல்லது. விட்டுவிட்டு மின்னினால் எங்கோ கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும், 3200 என்று இருப்பது சகஜம். அந்த மீட்டரில் பத்து நிமிடத்தில் 8 முறை மின்னினால் 15 வாட் ஓயாமல் ஓடுகிறது என்று கணக்கு. ரெண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 22 யூனிட் போய்விடும். ஒரு விளக்கும் எரியவில்லை, ஒரு பேனும் சுற்றவில்லை, ஆனால் யூனிட் ஏறுகிறது.

இதற்கு எலக்ட்ரீசியன் கூலியும் கொஞ்சம் ஒயரும்தான் செலவு. அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயின் போர்டில் போட்டுவிடச் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். கசிவு ஏற்பட்ட நொடியில் கரண்ட்டை நிறுத்திவிடும் கருவி இது. ஈரக் கையோடு வலை அலசிவிட்டு வந்து சுவிட்சைத் தொடும் வீட்டில், பிள்ளைகள் வெறும் காலோடு ஈர மணலில் ஓடும் வீட்டில், சோலாருக்கும் இன்வெர்ட்டருக்கும் முன்னால் இது வேண்டும். எர்த் கம்பியும் உப்பு மண்ணில் சீக்கிரம் அரித்துப்போகும். இருக்கிறது என்று நம்பாமல், பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரில் பொறி பறந்தால் மட்டும் நாம் கைவைக்கக் கூடாது. மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது விளக்கு. சோக் வைத்த பழைய டியூப்லைட் 50 வாட் இழுக்கும், எல்.இ.டி. டியூப் 20 வாட். ரெண்டு டியூப் தினம் ஐந்து மணி நேரம் எரியும் வீட்டில் ரெண்டு மாதத்துக்கு 18 யூனிட் குறையும். மேலே சொன்ன 213 யூனிட் வீட்டில் இது மட்டுமே 70 ரூபாய்க்கு மேல். ரெண்டு டியூபுக்கும் சேர்த்து ஆகும் 500 ரூபாய் ஒன்றேகால் வருஷத்துக்குள் திரும்பிவிடும். இதைவிட லாபமான செலவு வீட்டுக்குள் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பேன் கதை கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. சாதாரண சீலிங் பேன் 75 வாட். இப்போது வரும் பி.எல்.டி.சி. பேன் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஒவ்வொன்றும் 12 மணி நேரமாக, ரெண்டு பேனும் சேர்ந்து தினம் 24 மணி நேரம் ஓடினால் சாதாரண பேனுக்கு ரெண்டு மாதத்தில் 108 யூனிட், பி.எல்.டி.சி.க்கு 43. டியூபும் பேனும் மாறினால் 213 யூனிட் வீடு 130க்கு இறங்கிவிடும். பில் 296இலிருந்து 70 ரூபாய் ஆகும்.

ஆனால் விலையையும் சொல்ல வேண்டும். ஒரு பி.எல்.டி.சி. பேன் 3,000 ரூபாயைச் சுற்றி விற்கிறது. நன்றாக ஓடும் பேனைக் கழற்றி எறிந்துவிட்டு இதை வாங்கினால் காசு திரும்பி வர ஐந்து வருஷத்துக்குக் குறையாது. பழைய பேன் காயில் போய், ரீவைண்டிங் கொடுக்க வேண்டிய நாளில் புதியது வாங்கினால் கணக்கு மாறும். சாதாரண பேனே 1,500 ரூபாய் என்பதால், கூடுதலாகப் போடுவது இன்னொரு 1,500தான். அது மூன்று, மூன்றரை வருஷத்தில் வந்துவிடும். அதனால் என் யோசனை: ஒவ்வொன்றாக, பழுதாகும் வரிசையில் மாற்றுங்கள். முதலில் அதிக நேரம் ஓடும் பேன்.

நம் கரைக்கு இந்தப் பேனில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் குப்பங்களில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிவிடும். சாதாரண பேன் அப்போது ஊர்ந்து சுற்றும். பி.எல்.டி.சி. பேன் குறைந்த வோல்டேஜிலும் வேகம் குறையாமல் ஓடும். குறையும் உண்டு: உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டு உப்புக்காற்றிலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் போகலாம். வாரண்டி எத்தனை வருஷம், ராமநாதபுரத்திலேயே பழுது பார்த்துத் தருவார்களா என்று கேட்காமல் வாங்காதீர்கள். மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்றால் வேறு கம்பெனியைப் பாருங்கள். மகளிர் குழுவில் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே கடையில் கேட்டால் விலையும் குறையும், பழுது வந்தால் கடைக்காரர் பேச்சும் மரியாதையாக இருக்கும். குழுவின் உள்கடனில் 3,000 ரூபாயை மாதம் 300 ஆகக் கட்டி முடித்துவிடலாம். தடைக்காலத்துக்கு முன்னாலேயே முடியும்படி ஜூன் கடைசியில் வாங்கினால் நெருக்கடி இருக்காது.

பழைய பிரிட்ஜைப் பற்றி ஒரு வரி. செகண்ட் ஹேண்டில் 4,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வாங்கும் பிரிட்ஜின் கதவு ரப்பர் தளர்ந்திருந்தால், புதியதை விடக் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

இன்வெர்ட்டரும் சின்ன சோலாரும்

இன்வெர்ட்டர் பில்லைக் குறைக்காது, கூட்டும். பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது ஒரு பங்கு கரண்ட் வழியிலேயே போய்விடும். ஆனாலும் கைக்குழந்தை, முதியவர், மூச்சுத் திணறலுக்கு நெபுலைசர் வைப்பவர் இருக்கும் வீட்டில் கரண்ட் கட்டைத் தாங்க முடியாது. 150 ஏ.எச். பேட்டரியோடு 20,000 முதல் 25,000 ரூபாய் ஆகும். ரெண்டு சாதாரண பேனும் ரெண்டு எல்.இ.டி. டியூபும் ஓடினால் 5, 6 மணி நேரம் தாங்கும். அதே பேட்டரியில் ரெண்டு பி.எல்.டி.சி. பேன் ஓடினால் 10 மணி நேரத்தைத் தாண்டும். அதனால் இன்வெர்ட்டர் வாங்க நினைப்பவர்களும் பேனிலிருந்தே தொடங்குவது நல்லது. சின்ன பேட்டரியே போதுமானதாகிவிடும். பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் நாலைந்து வருஷம் வர வேண்டிய பேட்டரி ஒரு வருஷத்திலேயே உயிரை விடும்.

சின்ன சோலார் வேறு ஆட்களுக்கானது. மணல்திட்டில் குடிசை போட்டு மீன்பிடித்துக்கொண்டு, மின்கம்பி எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்குப் பில் கணக்கே பொருந்தாது. அவர்களுக்கு 100 வாட் பேனல் ஒன்று, லித்தியம் பேட்டரி, மூன்று 7 வாட் விளக்கு, 15 வாட்டில் ஓடும் டி.சி. மேசை பேன், போன் சார்ஜர் என்றால் ஒரு நாள் பாடு நன்றாகவே ஓடும். 15,000 ரூபாயைச் சுற்றி வரும். மண்ணெண்ணெய் விளக்கில் கிடுகு பற்றிக்கொள்ளும் பயமும் போகும். பேனலை நிரந்தரமாகக் கூரையில் கட்டாமல், கழற்றி எடுக்கும்படி தரையில் ஊன்றிய கம்பத்தில் வைக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் பேனலையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போய்விடலாம்.

ஈய பேட்டரியா லித்தியமா என்று கேட்டால் நான் லித்தியத்தையே சொல்வேன், விலை கூடுதலாக இருந்தாலும். 2011இல் தொடங்கிய சூரிய மின்சக்தி பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு ஐந்து சோலார் விளக்கும் கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தில் வந்த திட்டம். ஆனால் எந்தச் சோலார் விளக்குக்கும் ஆயுள் பேட்டரியின் ஆயுள்தான். பேட்டரி மாற்றும் காசை யார் தருவது என்பது முடிவாகாமல் எந்த விளக்கைக் கொடுத்தாலும் சில வருஷத்தில் அது கூரையில் வெறும் பலகையாகத்தான் நிற்கும்.

இணைப்பு இருக்கும் குடிசைகளுக்குப் பயன்பாட்டுக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அங்கே பில்லைக் குறைக்கும் பேச்சே தேவையில்லை. ஒரு விளக்குக்காக வந்த இணைப்பில் பேன், டிவி, மிக்ஸி எல்லாம் மெல்லிய ஒயரில் ஓடுவதுதான் அங்கே ஆபத்து. ஒயரையும் பியூஸையும் சரிபார்ப்பதைத் தவிர வேறு எதிலும் காசு போட வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் கணக்கு எல்லாரிலும் மோசம். ராமேஸ்வரத்தில் வரிசை வீடுகளில் நாலு குடும்பத்துக்கு ஒரு மீட்டர், உள்ளே சப் மீட்டர், யூனிட்டுக்கு 7 ரூபாய், 8 ரூபாய். அரசு தரும் 100 இலவச யூனிட் அவர்கள் கைக்கு வருவதே இல்லை. ஆனால் இதனாலேயே பேன் மாற்றுவதில் அதிக லாபம் அவர்களுக்குத்தான். 65 யூனிட் குறைந்தால் ரெண்டு மாதத்துக்கு 455 ரூபாய் மிச்சம், ரெண்டு பேனின் முழு விலையும் இரண்டேகால் வருஷத்துக்குள் வந்துவிடும். வீடு மாறினால் கழற்றிக்கொண்டும் போகலாம். கூரை சோலாரை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

ஊருக்கு ஒன்று

புயல் நாட்களுக்கு வீடு வீடாகத் தீர்வு தேடுவதை நான் ஏற்கவில்லை. 2018 கஜா புயலில் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று பல மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. எந்த வீட்டு இன்வெர்ட்டரும் அவ்வளவு நாள் தாங்காது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டியபோது, தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் வைத்த இன்வெர்ட்டரும் பேட்டரியும் அப்படி ஒரு நாளில் உதவப்போவதில்லை.

கரையோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. மையம் இல்லாத ஊரில் பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ இருக்கும், கான்கிரீட் தளத்தோடு. 50 வீடு ஆளுக்கு 25,000 ரூபாய்க்கு இன்வெர்ட்டர் வாங்கினால் பன்னிரண்டரை லட்சம். அதில் ஒரு பகுதியிலேயே அந்த ஒரு கட்டடத்துக்குப் பேட்டரியோடு சோலார் வைத்துவிடலாம். போன் சார்ஜ், இன்சுலின் வைக்க ஒரு சின்ன பிரிட்ஜ், நெபுலைசர், கடலுக்குப் போனவர்களோடு பேசும் வயர்லெஸ், இரவெல்லாம் பத்து விளக்கு. புயலுக்குப் பிறகான முதல் வாரத்துக்கு இவ்வளவும் ஒரு குப்பத்துக்குப் பெரிய ஆறுதல். மழையில்லாத மாதங்களில் அதே கரண்டில் பிள்ளைகள் மாலை வகுப்பு நடக்கும்.

சூர்யகர் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சோலார் கிராமம் என்று 1 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் போட்டியில் நிற்கவே 5,000 பேருக்கு மேல் இருக்கும் கிராமமாக இருக்க வேண்டும். காரங்காடு, முந்தல் போன்ற சின்ன ஊர்கள் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஊராட்சி நிதி, எம்.எல்.ஏ. தொகுதி நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி ஆகியவற்றைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு நல்ல நாள் ஆகஸ்ட் 15 கிராம சபை. அக்டோபர் 2 வரை விட்டால் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், வேலை நடக்காது. தீர்மானத்தில் "சோலார் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. எந்தக் கட்டடம், என்னென்ன பொருள் எத்தனை வாட், பேட்டரி தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும், ஏழெட்டு வருஷத்தில் பேட்டரி மாற்றும் பணத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது, மாதம் ஒருமுறை பேனல் கழுவி முனைகளைப் பார்ப்பது எந்தக் குழு, கட்டடத்தின் சாவி யார் வீட்டில் இருக்கும், அவர் ஊரில் இல்லாவிட்டால் ரெண்டாவது சாவி யாரிடம் என்பது வரைக்கும் அந்தத் தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.